நான்காம் மாடிக் கிழக்குச் சுவர்

இந்தப் பேட்டையில் வீடு வாங்கலாமா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் இரண்டே வகை. உள்ளே நுழைந்ததும் கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று பார்க்கிறவர்கள் ஒரு வகை. வாடகைக்கு வருகிறவன் எடுத்துக்கொள்ளச் சாவியை எங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. முன்னவர் இங்கே தூங்கப்போகிறவர். அவரிடம் இரண்டு தடவை யோசித்துத்தான் வாய் திறப்பேன். பின்னவர் வேறு ஊரில் தூங்குகிறவர். அவருக்கு ரயில் நிலையம் எத்தனை நிமிடம் என்று சொன்னால் போதும்.

நான் ஆகோப். புகாரெஸ்டில் ஆர்மீனியத் தெருவில், காப்பிக்கொட்டை வறுத்து விற்கிற கடைக்கு மேல்மாடியில் பிறந்தவன். எங்கள் கடையில் விலைப்பலகை கிடையாது. வருகிறவனின் பூட்ஸைப் பார்த்து அப்பா விலை சொல்வார். அந்த வித்தையில் பாதிதான் எனக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக இந்த நாலு தெருவில் வீடு காட்டிப் பிழைக்கிறேன்.

அந்த வருஷம் பிப்ரவரியில் துருக்கியில் பூமி நடுங்கியது. எங்கள் ஊரில் ஒரு தட்டுகூட விழவில்லை. விலைதான் விழுந்தது. எங்கள் சனங்களுக்கு நடுக்கம் என்றால் ஒரே தேதி: எழுபத்தேழு மார்ச் நான்கு, இரவு ஒன்பது இருபத்திரண்டு. அன்றைக்கு விழாமல் நின்ற பழைய கட்டடங்களில், அடுத்த தடவை எது முதலில் போகும் என்று இன்ஜினியர்கள் குறித்துக் கொடுக்க, மாநகராட்சி அவற்றின் வாசலில் ஒரு சிவப்பு வட்டத் தகடு அடித்துவைத்திருக்கிறது. வட்டம் இருந்தால் வங்கி கடன் தராது. முழுப்பணம் கையில் இருக்கிறவன்தான் வாங்கலாம். முழுப்பணம் கையில் இருக்கிறவன் ஏன் சிவப்பு வட்டத்துக்குள் வருகிறான்? என் பிழைப்பே இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்தான்.

இலாரியேயும் லுமினிட்சாவும் வந்தது பிப்ரவரிக் கடைசியில். அவன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வயது, எப்போதும் தோளில் கருவிப்பை. அவள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பல் கூடத்தில் வேலை. பொய்ப்பல் செய்கிறவள். ஊர்க்கோடியில் வாடகை வீடு. போக இரண்டு மணி, வர இரண்டு மணி பஸ்ஸில் கழிகிறது. வீட்டுக்காரர் பழைய சம்பிரதாயக்காரர். வாடகைக்காரன் புனித ஜார்ஜ் நாளில்தான் வரவேண்டும், அன்றைக்குத்தான் போகவேண்டும். மகனுக்குக் கல்யாணம், ஏப்ரல் இருபத்துமூன்றுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். லுமினிட்சாவின் அப்பா விட்டுப்போன ப்ளம் தோப்பை விற்ற பணம் மட்டும்தான் கையில். அதற்கு ஊர்க்கோடியில் தீப்பெட்டி மாதிரி இரண்டு அறை கிடைக்கும். இங்கே, சிவப்பு வட்டத்துக்குள், உயரக் கூரையும் ஓக் தரையும் நாலு ஜன்னலும் கிடைக்கும். தோப்பு ஒன்றுதான். இரண்டாம் தடவை விற்க இன்னொன்று இல்லை.

அந்தக் கட்டடம் எட்டு மாடி. முன்னே அது இரட்டைக் கட்டடம். ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பாதி, இரண்டு தனி வாசல், இரண்டு தனிப் படிக்கட்டு. கிழக்குப் பாதி எழுபத்தேழில் விழுந்தது. இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எனக்கு அப்போது பதினாலு வயது. கிழக்குப் பாதியில் நான்காம் மாடியிலிருந்து ஔரேலியா என்றொரு பெண் சனிக்கிழமைதோறும் காப்பித்தூள் வாங்க வருவார். "இருநூறு கிராம், சிக்கரி கலக்காம" என்பார். மார்ச் ஐந்தாம் தேதி சனிக்கிழமை, காலையில் அப்பா இருநூறு கிராம் கட்டி எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு யாரும் பார்க்காதபோது பிரித்து டப்பாவிலேயே கொட்டிவிட்டார்.

வாசலில் வெத்தூரியா அம்மாள் நின்றிருந்தார். அந்தக் கட்டடத்துச் சங்கத் தலைவி. டிராம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கிற பார்வை மட்டும் ஓய்வுபெறவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய ஊசியிலை வளையத்தைச் சிவப்பு வட்டத்தின்மேல் இன்னும் தொங்கவிட்டிருந்தார்.

"வாங்க ஆகோப். வீடு வாங்க வந்தவங்களா, சும்மா பாக்க வந்தவங்களா?"

"வாங்கறவங்கதான் அக்கா. அந்த வளையத்தைக் கழட்டுங்க, பிப்ரவரி முடியுது."

"காயட்டும், காயட்டும். உங்க கண்ணை ஏன் அது உறுத்துது?" என்றவர் லுமினிட்சாவிடம் திரும்பினார். "ஏம்மா, லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல தொங்குது. நடந்துதான் ஏறணும். முட்டி நல்லா இருக்கா?"

இலாரியே கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "மோட்டார் ரூம் சாவி யார்கிட்ட?"

வீடு பார்க்க வந்தவன் மேலே போனான். முக்கால் மணி நேரம் எங்கள் தலைக்கு மேல் இரும்புச் சத்தம். பிறகு மரக்கூண்டு அசைந்து, முனகிக்கொண்டு கீழே வந்தது. உள்ளே அவன். கதவைத் திறந்தான், எங்களை ஏறவிடவில்லை. மறுபடி மூடிக்கொண்டு எட்டாம் மாடி வரை தனியாகப் போய்த் தனியாக வந்தான்.

"எதுக்குப்பா இந்தச் சவாரி?" என்றார் வெத்தூரியா.

"சரி பண்ணிட்டேன்னு யார் சொல்றானோ அவன்தான் முதல்ல ஏறணும். எங்க வேலையில அதான் சட்டம். எழுதி வைக்கல, ஆனா சட்டம்."

"எங்க டிராம்ல டிரைவரும் ஏறித்தான் ஓட்டினான். என்னத்தைக் கண்டோம்."

அவன் சிரிக்கவில்லை. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து லிஃப்ட் குழிக்குள் தொங்கவிட்டிருந்ததை என்னிடம் தனியாகச் சொன்னான். "அண்ணே, பூச்சு பொய் சொல்லும், லிஃப்ட் குழி சொல்லாது. மூணாவது மாடி வரைக்கும் நேரா வருது. நாலாவதுலேருந்து நாலு விரக்கடை கிழக்கால சாயுது."

"நாலு விரக்கடைக்கு விலை கொறைக்கலாமா?"

"உயிர் பொழைக்கலாமான்னு கேளுங்க."

நான்காம் மாடியில் டிபேரியு கதவைத் திறந்தார். எழுபத்துமூன்று வயது, புத்தகம் தைக்கும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை செய்தவர். இடது கால் இழுத்துக்கொண்டதால் வீட்டை விற்றுவிட்டு மலையடிவாரத்தில் கும்பினா ஊரில் முதியோர் இல்லத்துக்குப் போக நினைத்திருந்தார். கல்யாணம் இல்லை. மரியாதைப்படி ஆளுக்கொரு சின்னத்தட்டில் ஒரு கரண்டி கசப்புச்செர்ரி ஜாமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவரச் சமையலறைக்குள் போனார்.

லுமினிட்சா பெரிய அறையில் நின்றாள். வெளிச்சம் கூரைவரை நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முகத்தை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அது வந்துவிட்டால் பேரம் பாதி முடிந்த மாதிரி. கிழக்குச் சுவரோரம் ஒரு பெரிய வால்நட் மர அலமாரி. இரண்டு ஆள் அகலம். அவள் அதன் பக்கத்தில் போய், விரல் நகத்தால் அதன் பலகையில் மூன்று தரம் தட்டினாள். அது அவள் தொழில் பழக்கம். பீங்கான் பல்லைச் சூளையிலிருந்து எடுத்ததும் மூன்று தரம் தட்டிப்பார்ப்பார்கள். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் சொல்லும்.

சமையலறையில் ஏதோ விழுந்து உடைந்தது.

டிபேரியு வாசலில் நின்றார். கையில் தட்டு இல்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"யார் தட்டினது?"

"நான்தான் பெரியவரே. மன்னிச்சுக்கோங்க, பழக்கதோஷம்" என்றாள் அவள்.

அவர் அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற மாதிரி, "விலை நான் சொன்னதுதான். ஒரே நிபந்தனை. இந்த அலமாரியை நகத்தக்கூடாது. பத்திரத்துல எழுதணும். வாங்கறவங்க இருக்கறவரைக்கும்" என்றார்.

இதை எனக்கே அவர் முன்னால் சொல்லியிருக்கவில்லை. அவர் சொன்ன விலையும் பக்கத்துக் கட்டடங்களின் விலையில் பாதிதான். எங்கள் கடையில் ஒரு பேச்சு உண்டு: பாதி விலைக்குத் தருகிறவன் மீதிப் பாதியை எங்கோ புதைத்துவைத்திருக்கிறான்.

இறங்கும்போது வெத்தூரியா எங்களைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. இருபத்தேழு வீட்டுல இருபத்தாறு. நிபுணர் வந்து சுவரையெல்லாம் தொறந்து பாத்து எழுதினாத்தான் கட்டடத்தைப் பலப்படுத்தற பட்டியல்ல நம்ம பேரு ஏறும். கிழக்குச் சுவரைப் பாக்கணும்னா இந்த மனுசன் வீட்டு வழியாத்தான் பாக்கணுமாம். அவரோ நிபுணரை வாசல்லயே நிக்கவெச்சு அனுப்பறார். எத்தனை வருசம்! ஏன்னு கேட்டா பதில் இல்ல. தங்கச்சி அந்தப் பக்கம் செத்துச்சு, தெரியும். யாருதான் சாகல? எங்க மாமா செத்தாரு. அதுக்காக மிச்சப் பாதியும் சாகணுமா?"

"வேற பக்கமா தொறந்து பாக்க முடியாதா?" என்றாள் லுமினிட்சா.

"வெளிய அந்தரத்துல தொங்கிட்டா? நான் சொல்றேன் கேளு தங்கம். பலப்படுத்தினா இந்த வீடு தங்கம். பலப்படுத்தலைன்னா சவப்பெட்டி, ஓக் மரத்துல பண்ணினது. எதுன்னு அந்த மனுசன் கையெழுத்துதான் சொல்லணும்."

மறுநாள் இரண்டாம் வகை ஆள் வந்தார். க்ளூஜ் நகரத்துக் கொத்ருட்ஸ். இருபத்தொன்பது வயது, ஏற்கெனவே ஆறு வீடு. எல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகை.

"அலமாரியை நகத்தக்கூடாதா? பிரமாதம்! ‘திறக்கக்கூடாத அலமாரி இருக்கிற வீடு’ன்னு போட்டா கூட்டம் அள்ளும் அண்ணே."

"திறக்கலாம். நகத்தத்தான் கூடாது."

"ரெண்டும் ஒண்ணுதான். சிவப்பு வட்டம் பத்திக் கவலையே இல்ல எனக்கு. நான் என்ன இங்கயா படுக்கப்போறேன்? வர்றவன் ரெண்டு ராத்திரி. நடுக்கம் நாப்பது வருசத்துக்கு ஒருதரம். பிரிச்சுப் பாருங்க, ஆளுக்கு எவ்வளவு வருது?"

"பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும் தம்பி. விழும்போது பிரிஞ்சு விழாதே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முழுப்பணம், மறுவாரமே பத்திரம் என்றார். எனக்கு வரவேண்டிய தரகும் அதே வேகத்தில் வரும். நான் டிபேரியுவைப் பார்த்தேன். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பல்லுக்காரப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார்.

பல்லுக்காரப் பெண் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள மார்ச் முதல் தேதி சாயங்காலம் அவர்கள் வாடகை வீட்டுக்கே போனேன். நோன்பு தொடங்கியிருந்தது. அவித்து மசித்த பீன்ஸின்மேல் வதக்கிய வெங்காயம், முட்டைக்கோஸ் ஊறுகாய், ரொட்டி. அவள் என் சட்டையில் சிவப்பும் வெள்ளையுமான வசந்தக் கயிற்றைக் குத்திவிட்டாள்.

"அண்ணே, உங்க கிழவி நாள் எது?" என்றாள். எங்கள் ஊர்க் கதைப்படி மார்ச் முதல் ஒன்பது நாள் ஒன்பது கிழவிகளுடையது. ஆளுக்கொரு நாளை எடுத்துக்கொள்வோம். அன்றைய வானம் எப்படியோ அந்த வருஷம் அவருக்கு அப்படி.

"எனக்கு ஒன்பது. கடைசி நாள் வரைக்கும் சந்தை நிலவரம் பாத்துட்டு எடுக்கறது எங்க குடும்ப வழக்கம்."

"நான் நாலு எடுத்திருக்கேன்."

இலாரியே முட்கரண்டியைக் கீழே வைத்தான். "வேற நாளே கெடைக்கலையா உனக்கு?"

"எல்லாரும் அதை ஒதுக்கிடறாங்க. பாவம், ஒரு நாளு அநாதையா நிக்குது."

"அண்ணே, இவகிட்ட நீங்களே கேளுங்க. நாலு விரக்கடை சாஞ்சிருக்கு. நான் எத்தனையோ வீட்டு லிஃப்டைப் பாத்து ‘ஓட்டாதே, பூட்டு’ன்னு எழுதிக் குடுத்திருக்கேன். சோறு போடறேன், காசு தரேன்னு கெஞ்சுவாங்க. ஒரு தடவைகூட ஆகாததை ஆகும்னு சொன்னதில்ல. எம் பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லணுமா?"

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?" என்றாள் அவள். "ஊர்க்கோடியில புதுசா கட்டறானே, அது மட்டும் நிக்குமா? ஆணி அடிச்சா அந்தப் பக்கம் நீட்டிக்குது, பக்கத்து வீட்டுக்காரன் கோட்டு மாட்டிக்கறான். நாலு மணி நேரம் பஸ்ல நிக்கறேன் இலாரியே. நின்னு நின்னு எனக்குச் சுவரும் தெரியல, சாவும் தெரியல. அந்த வெளிச்சம் ஒண்ணுதான் தெரியுது."

"உங்க அப்பா தோப்பு. அது ஒண்ணுதான்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். பலப்படுத்தறதுக்கு அவர் சம்மதிச்சா வாங்குவோம். சம்மதிக்கலைன்னா தீப்பெட்டிக்குப் போவோம். நானும் பேசாம பஸ்ல நிக்கறேன்."

தட்டுகளை எடுத்துப்போனாள். இலாரியே ரொட்டித்துண்டால் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "சம்மதிக்க மாட்டாரு அண்ணே. அந்த அலமாரிக்குப் பின்னால என்னவோ இருக்கு. நான் அவ தட்டினப்போ காது குடுத்தேன். மூணு தட்டும் மூணு சத்தம்" என்றான்.

மார்ச் நான்கு அந்த வருஷம் சனிக்கிழமை. நோன்பின் முதல் சனி, இறந்துபோனவர்களுக்கு உரிய நாள். காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து விழுந்தது. லுமினிட்சா எடுத்த வானம்! டிபேரியு எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. பொமானா குடுக்கணும்."

போனவர் பெயரில் இருக்கிறவருக்குக் கொடுப்பது பொமானா. கொடுத்தால் மறுக்கக்கூடாது. வாங்கினவர் அதை உண்ணவேண்டும், உடுத்தவேண்டும், புழங்கவேண்டும். இங்கே புழங்கினால்தான் அங்கே போய்ச் சேரும். வருஷாவருஷம் டிபேரியு இந்த நாளில் படிக்கட்டில் இறங்கி, வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணம் கோலிவா கொடுப்பார். அவித்த கோதுமையும் சர்க்கரையும் வால்நட்டும் கலந்தது. எலுமிச்சைத் தோல் வாசனை மூன்று மாடிக்கு நிற்கும். யாரையும் உள்ளே விட்டதில்லை. இந்த வருஷம் அவரால் இறங்க முடியவில்லை. கதவைத் திறந்துவைத்திருந்தார். வெத்தூரியா முன்னாலேயே வந்து, கையில் மடித்த காகிதத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காகிதத்தை எட்டு வருஷமாக எல்லா வருகைக்கும் கொண்டுவருகிறார்.

கோலிவா சாப்பிட்டோம். பிறகு டிபேரியு ஒரு புதுத் துண்டை எடுத்தார். மெழுகுவத்தி ஒன்றை அதில் முடிந்தார். மேஜையில் இருக்கும் தட்டுகளைக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு கிழக்குச் சுவருக்குப் போய், அலமாரிக் கைப்பிடியில் அந்தத் துண்டைக் கட்டினார்.

"பொண்ணே, இங்க வா. இது என் தங்கச்சி ஔரேலியா பேருல உனக்கு."

வெத்தூரியாவின் கையிலிருந்த காகிதம் சரசரத்தது. லுமினிட்சா இலாரியேயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுக்க வழியில்லை. மெழுகுவத்தியைத் தொட்டு, "அவங்களுக்குப் போய்ச் சேரட்டும் பெரியவரே" என்றாள்.

"அப்போ எடுத்துக்கோங்க. குடுத்துட்டா அது என் வீட்டுச் சுவத்துல இருக்கக்கூடாது."

நானும் இலாரியேயும் தோள் கொடுத்தோம். ஓக் தரையில் நாலு வெள்ளைக் கோடு விழுந்தது. பின்னால் சுவர் இல்லை. கதவு. வெள்ளைப் பெயின்ட் மஞ்சளாகி, பித்தளைக் கைப்பிடி கறுத்து, சாதாரணமான ஒரு வீட்டுக் கதவு. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் நாலு மாடி உயரத்து அந்தரமும் கீழே கார்களும்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெத்தூரியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"எழுபத்தஞ்சு கோடையில வெட்டினேன்" என்றார் டிபேரியு. நின்றபடியே சொன்னார். "அவ புருசன் கப்பல்ல இருந்தான். தனியா இருக்கப் பயம். எங்க வீட்டுக்கு வரணும்னா நாலு மாடி எறங்கி, தெருவுக்குப் போயி, மறுபடி நாலு மாடி ஏறணும். சுவத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. ஒரு கொத்தனாரை ரகசியமா கூட்டிட்டு வந்தேன். யார்கிட்டயும் அனுமதி கேக்கல. மேல கம்பி வருது சார்னான் அவன். நான் அவசரத்துல, ‘வந்தா அறு’ன்னேன். அறுத்தானா இல்லையான்னு பாக்கல. நான் வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தப்போ பூசியிருந்தான்."

அவர் கதவின் மஞ்சள் பெயின்ட்டை விரலால் தொட்டார்.

"அவ எப்பவும் மூணு தட்டுத் தட்டிட்டுத்தான் வருவா. பூட்டாமத்தானே இருக்கு, எதுக்குத் தட்டறேன்னு கேப்பேன். அன்னைக்கு இங்க சாப்பிட்டா. அடுப்புல பால் வெச்சிருக்கேன், அணைச்சுட்டு வந்துடறேன்னு போனா. தட்டினா. மூணு. நான் ‘வா, வா’ன்னேன். எந்திரிச்சுப் போய்த் தெறக்கல." அவர் கைப்பிடியைப் பார்த்தார். "ஊரே ஆடுச்சு, ஊர்ல எத்தனையோ விழுந்துச்சு. ஆனா இந்தப் பாதி நின்னு அந்தப் பாதி ஏன் விழுந்துச்சு? அதைச் சொல்றதுக்கு இன்ஜினியர் வந்து பாத்துடுவானேன்னுதான்..." வெத்தூரியாவின் பக்கம் திரும்பாமல், "என்னை மன்னிச்சுடு வெத்தூரியா" என்றார்.

எட்டு வருஷம் வசவு சேர்த்துவைத்திருந்த அந்த அம்மாள் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டிபேரியு இலாரியேயிடம் திரும்பினார். "தம்பி, நீ லிஃப்ட் மெக்கானிக். இரும்பு தெரிஞ்சவன். நீ பாத்துச் சொல்லு. இன்ஜினியர்கிட்ட நான் கேக்கமாட்டேன். உன்கிட்ட கேக்கறேன். கம்பியை நான் அறுத்தேனா?"

இலாரியே பையைத் திறந்தான். உளியும் சுத்தியும் எடுத்தான். ஸ்டூலில் ஏறுமுன், ஏனோ தெரியவில்லை, கதவில் மூன்று தரம் தட்டினான். பிறகு கைப்பிடியைத் திருப்பினான். அந்தப் பக்கம் முழுக்கச் செங்கல். பிற்பாடு வெளியிலிருந்து அடைத்தது. ஈரமும் பழைய சாம்பலும் கலந்த ஒரு வாடை அறைக்குள் வந்தது. நான் டார்ச் பிடித்தேன். நிலைக்கு மேலே பூச்சைத் தட்டத் தட்டக் கட்டியாக விழுந்தது. டிபேரியு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்திலிருந்து மேலே பார்க்கிறவன் நான் மட்டும்தான்.

காங்கிரீட்டுக்குள் இரண்டு கம்பி. விரல் பருமன். இரண்டிலும் நடுத்துண்டு இல்லை. முனைகள் துருவேறியிருந்தாலும் தட்டையாக, ரம்பத்தின் வரிகளோடு இருந்தன. ஒடிந்த கம்பி அப்படி இருக்காது.

இலாரியே அதைப் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டான். கட்டைவிரலால் ஒரு முனையைத் தடவிப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த சிமென்ட்டுச் சாந்துக்கட்டி ஒன்றை என்னை எடுத்துத் தரச்சொல்லி வாங்கி, அந்த இடத்தில் அழுத்தி வைத்து இறங்கினான்.

"செங்கலைத்தான் வெட்டியிருக்கான் பெரியவரே. கம்பியெல்லாம் ஒழுங்கா இருக்கு. அந்தக் கொத்தனார் அறுக்கல. சோம்பேறியா இருந்திருப்பான்."

நான் பொய் நடுவே வளர்ந்தவன். முதல்தரச் சரக்கு எது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பளபளப்பு இருக்காது. அன்றைக்குக் கேட்டதில் ஒரு துளிப் பளபளப்பு இல்லை.

டிபேரியு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். பிறகு, "வெத்தூரியா, உன் காகிதத்தைக் குடு" என்றார்.

கீழே இறங்க லிஃப்டில் மூன்று பேரும் ஏறினோம். கூண்டு நகர்ந்ததும் லுமினிட்சா கேட்டாள்.

"எத்தனை?"

"ரெண்டு."

"அதனாலதான் விழுந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு கம்பிக்கு எட்டு மாடி விழுமா, இன்ஜினியரைத்தான் கேக்கணும். ஆனா ரெண்டு கம்பின்னு சொல்லியிருந்தா அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரு. அந்தச் செங்கலைக் கையால பேத்துட்டு அவ பின்னாலயே போயிருப்பாரு."

"ஆகாததை ஆகும்னு சொன்னதே இல்லைன்னு சொன்னே."

"ஆமா."

லிஃப்ட் தரைக்கு வந்து நின்றது. அவன் கதவைத் திறக்கவில்லை.

"இப்ப சொல்லிட்டேன்ல" என்றான். "சரியா இருக்குன்னு சொல்லிட்டேன். அப்போ நான்தான் முதல்ல ஏறணும்."

ஏப்ரல் இருபதாம் தேதி பத்திரம் முடிந்தது. கொத்ருட்ஸ் போனில் என்னைத் திட்டினார். பாவம், நல்ல பையன், திட்டத் தெரியவில்லை. மே மாதம் இன்ஜினியர் வந்தார். சாந்துக்கட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தார். இலாரியே கேட்டான், இதனாலதான் விழுந்துச்சா சார்? அவர் தோளைக் குலுக்கினார். "கீழ கடைக்காரன் தூணை எடுத்திருக்கலாம், காங்கிரீட்டு மட்டமா இருந்திருக்கலாம், இதுவா இருக்கலாம். நாப்பத்தாறு வருசம் முன்னாடி இடிபாட்டை லாரியில ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க. அதைத்தான் கேக்கணும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு: இந்தப் பக்கம் பிடிப்பு இல்ல. இரும்புச் சட்டம் அடிக்கணும். அடுத்த வருசம் வேலை தொடங்கும்." தொடங்கும்வரை? அதற்கும் தோளைக் குலுக்கினார்.

தொடங்கும்வரை லுமினிட்சா அங்கே படுக்கக்கூடாது என்று இலாரியே சொல்லிவிட்டான். அவள் பல் கூடத்துச் சிநேகிதி வீட்டில் படுக்கிறாள். மத்தியானம் ஐந்து நிமிடம் நடந்து வந்து, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். அவன் மட்டும் கிழக்குச் சுவரோரம், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டிருக்கிறான். அலமாரி எதிர்ச்சுவரில் நிற்கிறது. அதில் அவர்கள் துணி இருக்கிறது. புழங்கினால்தானே சேரும்.

கும்பினாவிலிருந்து டிபேரியு எனக்கு ஒரு அட்டை போட்டிருந்தார். "இங்கே பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறேன். அறைக்கதவைத் திறந்துவைத்தே தூங்குகிறேன். பையனிடம் சொல்லுங்கள்."

இலையுதிர்க்காலத்தில் ஒரு நாள் ஐந்தாம் மாடி வீட்டைக் காட்ட ஒரு புதுத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களை மேலே விட்டுவிட்டு அட்டையைக் கொடுக்க நான்காம் மாடிக்கு இறங்கினேன். இலாரியே அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான். அட்டையைப் படித்தான், இரண்டு தடவை. மெலிந்திருந்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, நான் இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் கிழக்குச் சுவருக்குப் போய், கதவில் மூன்று தரம் தட்டினான். அப்புறம் என்னைப் பார்த்து வெட்கப்பட்டான்.

"பழகிடுச்சு அண்ணே. வந்ததும் கை தானா போகுது."

"பதில் ஏதாவது வருதா?" என்றேன். சும்மா, சிரிக்க வைக்கத்தான்.

"இல்ல." அவன் இன்னும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஆனா வந்தா, எந்திரிச்சுப் போய்த் தெறக்கணும்ல. அதுக்குத்தான் பக்கத்துலயே படுக்கறேன்."

மேலே ஐந்தாம் மாடியில் அந்தப் புதுப்பெண் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த முகம் வந்திருந்தது. "சார், நிஜமா சொல்லுங்க. இந்தப் பேட்டை எங்களுக்குச் சரிப்படுமா?"

"வாடகைக்கு விடவா, இருக்கவா?"

"இருக்கத்தான் சார். வேற எங்க போவோம்?"

எங்கள் அப்பா பூட்ஸைத்தான் பார்ப்பார். நான் கிழக்குச் சுவரைப் பார்த்தேன். இங்கே கதவு இல்லை. வெறும் பூச்சு, வழுவழுவென்று, புதுச் சுண்ணாம்பு.

"பலப்படுத்தி முடியறவரைக்கும் இங்க படுக்காதீங்கம்மா" என்றேன். தரகு வாசல் வரை போய்விட்டதைக் காதால் கேட்டேன். "அதுக்கப்புறமும் கட்டிலை மேற்குச் சுவரோரம் போடுங்க."